கவுன்சிலிங்குக்கு முன்னாடி ஒரு ஆய்வகம் பாருங்க

(பொது நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில், பிளஸ் டூ மாணவர்கள், பெற்றோர் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு பல்கலைக்கழகம் ஆண்டு விழா கொண்டாடுதுன்னு சொன்னதும் நம்ம மனசுல என்ன படம் வரும்? வாசலில் வாழைமரம், மேடையில் பெரிய பேனர், பொன்னாடை, நினைவு மலர் வெளியீடு, சாயங்காலம் கலை நிகழ்ச்சி. செய்திக் குறிப்பு எழுதுற வேலையில் இருக்கிறதால இந்த வரிசை எனக்கு மனப்பாடம். யார் யார் வாழ்த்திப் பேசினாங்கன்னு எழுதவே பாதிப் பக்கம் போயிடும். ஆனா சில அழைப்பிதழ்ல கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில், இன்னொரு வரியும் இருக்கும். ஆய்வகங்களைப் பொதுமக்கள் சுற்றிப் பார்க்கலாம்னு போட்டிருப்பாங்க. இன்னிக்கு நான் பேச வந்தது அந்த ஒரு வரியைப் பத்தி.

இது எங்கேயோ எப்போவோ நடக்கிற விஷயம் இல்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 1909-ல் தொடங்கினது. அங்கே வருஷா வருஷம் பிப்ரவரி, மார்ச் வாக்கில் ஒரு நாள் முழு வளாகத்தையும் பொதுமக்களுக்குத் திறந்து விடுறாங்க. குடும்பம் குடும்பமா, சாப்பாட்டுப் பையோட வர்றாங்க. சென்னை ஐ.ஐ.டி. 2025 ஜனவரியில் அப்படித் திறந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1861-ல் தொடங்கினது. அது 150-வது ஆண்டைக் கொண்டாடினப்போ, 2011 ஏப்ரல் 30 அன்னிக்கு, வளாகம் முழுக்க எல்லாருக்கும் திறந்திருந்தது. எம்.ஐ.டி.ன்னதும் உங்களில் பாதிப் பேர் குரோம்பேட்டையை நினைச்சிருப்பீங்க. நினைங்க, தப்பில்லை. அங்கேயும் போகப் போறோம்.

ஏன் இதைப் போய் பிளஸ் டூ பசங்ககிட்ட சொல்றேன்னா, இன்னும் கொஞ்ச நாளில் நீங்க பொறியியல் கவுன்சிலிங்குக்குப் போவீங்க. எல்லாம் ஆன்லைன். 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள், ஒவ்வொண்ணுலயும் ஏழெட்டுப் பிரிவுகள். உங்க ரேங்க் வந்ததும் விருப்பப் பட்டியலைப் பதிய சில நாட்கள்தான் கிடைக்கும். அந்தச் சில நாட்களில் எடுக்கிற முடிவு நாலு வருஷத்துக்கு, சிலருக்கு நாற்பது வருஷத்துக்கு. ஆனா எப்படி எடுக்கிறோம்? சித்தப்பா பையன் கம்ப்யூட்டர் எடுத்தான், எதிர்வீட்டு அக்கா ஈ.சி.ஈ. எடுத்தாங்க, சிவில்னா வெயில்ல நிக்கணும், மெக்கானிக்கல்னா பொண்ணுக்கு ஆகாது. எல்லாமே காதில் விழுந்தது. ஒரு கத்தரிக்காய் வாங்கினாக்கூட காம்பைத் திருப்பிப் பார்த்து வாங்குற ஊர் நம்ம ஊர். ஒரு படிப்பை மட்டும் அதோட ஆய்வகம் எப்படி இருக்கும்னு ஒரு தடவைகூடப் பார்க்காம வாங்கிடுறோம்.

கிண்டியை எடுத்துக்கலாம். அண்ணா பல்கலைக்கழகம் 1978 செப்டம்பர் 4-ல் அமைந்தது. கிண்டி பொறியியல் கல்லூரி, 1944-ல் வந்த அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, 1949-ல் வந்த குரோம்பேட்டை எம்.ஐ.டி., 1957-ல் வந்த கட்டடக்கலைப் பள்ளி, இந்த நாலையும் சேர்த்த பல்கலைக்கழகம். ஆனா கிண்டிக் கல்லூரியோட வயசு அதைவிட ரொம்ப அதிகம். 1794-ல் ஜார்ஜ் கோட்டைப் பக்கம் எட்டே எட்டு மாணவர்களோட ஒரு நில அளவைப் பள்ளி ஆரம்பிச்சாங்க. மைக்கேல் டாப்பிங்னு ஒரு வானியல் அறிஞர் கொடுத்த யோசனை. வெளிநாட்டிலிருந்து சர்வேயர்களைக் கப்பலில் வரவழைக்கிறது கட்டுப்படியாகலை, இங்கேயே பசங்களைப் பழக்கலாம்னு கணக்கு. கம்பெனி ஆட்சிக்கு வரி வசூல்தான் குறி, அதை மறைக்க வேண்டியதில்லை. அந்தப் பள்ளிதான் பிறகு 1859-ல் பொறியியல் கல்லூரி ஆச்சு, 1920-ல் கிண்டிக்கு வந்தது. இன்னிக்கும் அங்கே நிக்குற சிவப்புக் கட்டடத்தைப் படத்தில் பார்த்திருப்பீங்க.

இதுல நமக்கு என்ன இருக்குன்னா, உங்க போன்ல இருக்கு. அரசு இணையதளத்தில் பட்டா, சிட்டா பார்க்கிறீங்க இல்லையா? சர்வே நம்பரைப் போட்டா புலப்படம் வரும், எஃப்.எம்.பி.ன்னு சொல்வோம். கோடு கோடா, ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் அளவு போட்டு. அந்தப் படத்தை ஒரு காலத்தில் யாரோ வரப்பு வரப்பா நடந்து, சங்கிலி பிடிச்சு அளந்திருக்காங்க. அந்தச் சங்கிலிக்கு 66 அடி நீளம், 100 கண்ணி. ஒரு சங்கிலி நீளம், ஒரு சங்கிலி அகலம் உள்ள நிலம் எவ்வளவு? 66-ஐ 66-ஆல் பெருக்குங்க, 4356 சதுர அடி. அதாவது சரியா 10 சென்ட். பத்திரத்தில் இன்னிக்கும் நாம எழுதுற சென்ட், ஏக்கர் கணக்கு அந்தச் சங்கிலியோட அப்படி ஒட்டிக்கிட்டு இருக்கு. இது எனக்கே சமீபத்தில்தான் தெரியும். அதுவரைக்கும் 435.6 சதுர அடின்னு ஒரு வினோதமான எண்ணை ஏன் ஒரு சென்ட்னு வெச்சாங்கன்னு யோசிச்சதே இல்லை.

அதே சென்னையில், பரங்கிமலை அடிவாரத்தில், 1802 ஏப்ரல் 10 அன்னிக்கு லாம்ப்டன் என்ற அதிகாரி ஒரு சங்கிலியை நீட்டி அளக்க ஆரம்பிச்சார். சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு அடிக்கோடு. இந்தியாவையே முக்கோணம் முக்கோணமா அளந்த மாபெரும் சர்வே அங்கேதான் தொடங்கினது. அவர் பயன்படுத்தின கோணமானி அரை டன் எடை. இன்னிக்கு சிவில் துறையின் சர்வே ஆய்வகத்துக்குப் போனா, ஒரு முக்காலி மேல நிக்கிற டோட்டல் ஸ்டேஷன் கருவியைக் காட்டுவாங்க. கண்ணாடி வழியா பார்த்து, தூரத்தில் ஒருத்தர் பிடிச்சிருக்கிற முப்பட்டகத்தைக் குறி வெச்சு, பட்டனை அழுத்தினா தூரமும் கோணமும் திரையில் வந்துடும். ஊரில் நம்ம நிலத்தை அளக்க சர்வேயர் வந்தா நாம தள்ளி நின்னு பார்ப்போம், அவர் என்ன செய்யறார்னு கேட்கத் தயங்குவோம். ஆய்வகத்தில் கேட்கலாம். பழைய சங்கிலி ஒண்ணு அங்கே தொங்கிக்கிட்டு இருந்தா அதையும் கையில் எடுத்துப் பார்க்கலாமான்னு கேளுங்க.

பக்கத்திலேயே பொருட்களின் வலிமையைச் சோதிக்கிற ஆய்வகம் இருக்கும். பெரும்பாலும் கூட்டம் அங்கே நிக்காது. ட்ரோன் பறக்குது, ரோபோ கைகுலுக்குதுன்னா அந்தப் பக்கம் ஓடிடுவோம். சுற்றிக் காட்டுறவங்களும் அதைத்தான் முன்னால வைப்பாங்க. என்னைக் கேட்டா, வீடு கட்டப் போற குடும்பம் முதலில் நிக்க வேண்டிய இடம் இந்த ஆய்வகம்தான்.

அங்கே கான்கிரீட் கட்டி வரிசையா அடுக்கியிருக்கும். ஒவ்வொண்ணும் 15 சென்டிமீட்டர் கனசதுரம். வார்த்து, தண்ணியில் 28 நாள் ஊறவெச்சு, அப்புறம் ஒரு எந்திரத்துக்கு நடுவில் வெச்சு நசுக்குவாங்க. எம் 20 கான்கிரீட்னு மேஸ்திரி சொல்றாரே, அந்த 20 என்னன்னா, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்கணும். அந்தக் கட்டியின் ஒரு முகம் 22,500 சதுர மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தா 4,50,000 நியூட்டன். சாதாரணமா சொன்னா 45 டன். கையில் தூக்குற ஒரு சின்னக் கட்டி மேல ஒன்பது, பத்து யானையை நிறுத்துற மாதிரி. அதுவரைக்கும் தாங்கணும். எந்திரத்தின் எண் ஏறிக்கிட்டே போகும், கட்டி ஒண்ணும் ஆகாத மாதிரி இருக்கும், திடீர்னு ஓரத்தில் ஒரு விரிசல், அப்புறம் பொலபொலன்னு உதிரும். பக்கத்து எந்திரத்தில் 12 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பியை இழுப்பாங்க. அஞ்சரை டன்னுக்கு மேல இழுத்தாதான் அது நிரந்தரமா நீள ஆரம்பிக்கணும். நீண்டு, ஒரு இடத்தில் இடுப்பு மாதிரி ஒடுங்கி, பட்டாசு வெடிச்ச மாதிரி ஒரு சத்தத்தோட அறுபடும். பசங்க கைதட்டுவாங்க.

அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு வர்ற அப்பா, வீட்டு வேலை நடக்கிறப்போ, கலவையில் தண்ணி அதிகமா ஊத்துறதைப் பார்த்துட்டுச் சும்மா இருக்க மாட்டார். தண்ணி கூடினா வேலை சுலபம், வலிமை குறையும். கலவை லாரியில் வந்தாலும் சரி, தளத்தில் போட்டாலும் சரி, கொஞ்சம் எடுத்துக் கட்டி வார்த்து சோதனைக்கு அனுப்பினீங்களான்னு கேட்பார். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி ஒரு வீடு கட்டுறோம், இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிஞ்சிருக்கணும். சிவில்னா வெயில்ல நிக்கிற வேலைன்னு ஒதுக்கின பையனும் அங்கேதான் முதல் தடவையா அது கணக்கும் பொருளும் சேர்ந்த படிப்புன்னு பார்க்கிறான்.

தண்ணீர் ஆய்வகம் இன்னும் அமைதியா இருக்கும். கண்ணாடிக் குடுவை, சொட்டுச் சொட்டா விழுற திரவம், நிறம் மாறுது, அவ்வளவுதான். ஆனா தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தர் அங்கே நின்னா கதையே வேற. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமாகி, பல்லில் காவி படிஞ்சு, எலும்பு வளைஞ்ச மனுஷங்களை அவங்க நேரில் பார்த்திருப்பாங்க. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதுக்காகத்தான். குடிநீருக்கான இந்தியத் தர அளவுப்படி ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் ஃபுளோரைடுக்கு மேல போகக் கூடாது, வேற வழியே இல்லைன்னா 1.5 வரைக்கும். கொதிக்க வெச்சா கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணி ஆவியாகிறதால கொஞ்சம் கூடவே ஆகும். இதை ஆய்வக மாணவி ஒருத்தி சொல்லிக் கேட்டா, பத்து துண்டுப் பிரசுரம் படிச்சதுக்குச் சமம். துண்டுப் பிரசுரம் எழுதுற வேலையில் இருந்துக்கிட்டே இதைச் சொல்றேன். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, ஆண்டு விழா அன்னிக்கு வீட்டுத் தண்ணியைப் பாட்டிலில் கொண்டுபோனா சோதிச்சுத் தர மாட்டாங்க. அதுக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்கள் இருக்கு, கட்டணம் செலுத்திச் சோதிச்சுக்கலாம்.

இப்போ குரோம்பேட்டை. அப்துல் கலாம் அவர்கள் அங்கே விமானப் பொறியியல் படிச்சது எல்லாருக்கும் தெரியும். படிப்பில் சேரப் பணம் இல்லாதப்போ அக்கா ஜோஹரா தன்னோட நகையை அடகு வெச்சதையும் பாடப் புத்தகம், பட்டிமன்றம்னு நிறைய இடத்தில் கேட்டிருப்பீங்க. அவரே சுயசரிதையில் சொல்ற இன்னொரு விஷயத்தை யாரும் அவ்வளவா பேசுறதில்லை. அந்த வளாகத்தில், பாடம் விளக்குறதுக்காக, பறக்கிற வேலையிலிருந்து ஓய்வு கொடுத்த ரெண்டு விமானங்களை நிறுத்தி வெச்சிருந்தாங்க. மத்த மாணவர்கள் விடுதிக்குப் போன பிறகும் அவர் அந்த விமானங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருப்பாராம். முதல் வருஷம் முடிஞ்சு பிரிவைத் தேர்ந்தெடுக்கிற நேரத்தில் விமானப் பொறியியலை எழுதிக் கொடுத்தார். ராமேஸ்வரத்தில் பிறந்த பையன் கவனிச்சு வளர்ந்தது வானத்தில் பறக்கிற பறவைகளை. பக்கத்தில் போய்ப் பார்க்க ஒரு விமானம் கிடைச்சது கல்லூரிக்கு வந்த பிறகுதான். அந்த ரெண்டு பழைய விமானங்களும் அங்கே நிறுத்தி வெச்சிருக்காட்டி அவர் எதை எழுதிக் கொடுத்திருப்பார்னு நமக்குத் தெரியாது. நம்ம ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு அப்படி ஒண்ணைக் கிட்டப் போய்ப் பார்க்கிற வாய்ப்பு, அதுவும் கல்லூரியில் சேருறதுக்கு முன்னாடியே, கிடைக்குது?

அதே குரோம்பேட்டை வளாகத்தோட விண்வெளி ஆய்வுக் குழுதான் அனுசாட் செயற்கைக்கோளை உருவாக்கினது. 40 கிலோ எடை. 2009 ஏப்ரல் 20 அன்னிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் போனது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒண்ணு உருவாக்கின முதல் செயற்கைக்கோள் அதுதான். மூணு வருஷம் சுத்தி 2012-ல் எரிஞ்சு முடிஞ்சது. இன்னிக்குக் கல்லூரிகள் செயற்கைக்கோள் செய்யறது பழகிப்போன செய்தி, ஆனா முதல்ல செஞ்சது நம்ம குரோம்பேட்டை, ரயில் ஜன்னலில் தினம் தாண்டிப் போற ஊர்.

வடிவமைப்பு ஆய்வகம்னு ஒரு பலகை இருந்தா அதை விட்டுடாதீங்க. வடிவமைப்புன்னதும் அழகுபடுத்துறதுன்னு நினைக்கிறோம். கிண்டிக்குப் பக்கத்து வளாகமான சென்னை ஐ.ஐ.டி.யில், மறுவாழ்வுக் கருவிகளுக்கான மையம் ஒண்ணு இருக்கு. அங்கே 2019-ல் அரைஸ்னு ஒரு சக்கர நாற்காலி வெளியிட்டாங்க. அதில் உட்கார்ந்திருக்கிறவர் தானாகவே எழுந்து நிற்கிற நிலைக்கு வர முடியும். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தா ரத்த ஓட்டம் குறையும், புண் வரும், அலமாரியில் மேல் தட்டு எட்டாது. இதையெல்லாம் யோசிச்ச நாற்காலி. அடுத்து 2020-ல் நியோஃபிளை, நியோபோல்ட். முதலாவது, உட்காருறவரோட உடம்பு அளவெடுத்து, சட்டை தைக்கிற மாதிரி செய்யற நாற்காலி. ரெண்டாவது, அதோட முன்னால மாட்டுற மோட்டார் சக்கரம். மாட்டினா நாற்காலியே மூணு சக்கர வண்டி மாதிரி தெருவில் போகும், மணிக்கு 25 கிலோமீட்டர் வரைக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் தள்ளுற ஒரே அளவு நாற்காலியை மட்டும் பார்த்து வளர்ந்த நமக்கு, இப்படி ஒருத்தருக்காக அளவெடுத்து யோசிக்கிறதும் பொறியியல்தான்னு தெரியணும். அங்கே போய் யாராவது கேளுங்க, முதல் மாதிரி எப்படி இருந்தது, ஏன் மாத்தினீங்கன்னு. ஒழுங்கா ஓடாத முதல் மாதிரியைப் பத்திச் சொல்லும்போதுதான் மாணவர்கள் முகம் மலரும், பொருள் முடிஞ்ச பிறகு சொல்றதெல்லாம் விளம்பரப் பேச்சு மாதிரிதான் இருக்கும்.

தங்கைகளே, உங்களுக்காக ஒரு பெயர் சொல்றேன். ஏ.லலிதா. 18 வயசில் கணவரை இழந்தவர், கையில் பெண் குழந்தை. 1940-ல் கிண்டிக் கல்லூரியில் மின் பொறியியல் சேர்ந்தார். அப்பா சுப்பா ராவ் அங்கேயே பேராசிரியர், அதனால கதவைத் தட்ட முடிஞ்சது. அவருக்குத் துணையா இன்னும் ரெண்டு பெண்கள் சிவில் பிரிவில் சேர்ந்தாங்க, பி.கே.திரேசியாவும் லீலம்மா ஜார்ஜும். படிப்பு முடிஞ்சு வாங்கின சான்றிதழில் ஆங்கிலத்தில் 'அவன்'னு அச்சடிச்சிருந்ததை அடிச்சுட்டு 'அவள்'னு பேனாவில் எழுதிக் கொடுத்தாங்க. பெண் ஒருத்தி வாங்குவான்னு அச்சுக்கோர்த்தவருக்கு யாரும் சொல்லலை. பிறகு லலிதா பக்ரா நங்கல் அணை தொடர்பான மின் பணிகளில் வேலை பார்த்தார். 1964-ல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், விஞ்ஞானிகளோட முதல் பன்னாட்டு மாநாட்டில் கலந்துக்கிட்டார். திரேசியா கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். மெக்கானிக்கல் பொண்ணுக்கு ஆகாதுன்னு இனி யாராவது சொன்னா, ஆய்வகத்துக்குக் கூட்டிட்டுப் போய், எந்திரம் பக்கத்தில் நிக்கிற அக்காகிட்டேயே அதைக் கேட்கச் சொல்லுங்க.

கொஞ்சம் குறையும் பேசணும். ஆய்வகம் திறக்கிற நாளில் யார் வர்றாங்கன்னு பார்த்தா, பெரும்பாலும் பள்ளிகளிலிருந்து பேருந்தில் வர்ற மாணவர்கள், அப்புறம் ஏற்கெனவே வீட்டில் பொறியாளர் இருக்கிற குடும்பங்கள். தினக்கூலிக்குப் போற அப்பா வார நாளில் வர முடியாது. வாசல் காவலரைப் பார்த்ததுமே இது நமக்கான இடம் இல்லைன்னு திரும்பிப் போறவங்க இருக்காங்க. நடத்துறவங்களுக்கு நான் சொல்றது, ஞாயிற்றுக்கிழமையில் வைங்க, வாசலில் தமிழில் பெரிசா எழுதி வைங்க, சாய்வுப் பாதை இருக்கான்னு பாருங்க, குடிதண்ணிக்கும் கழிப்பறைக்கும் வழி காட்டுங்க. விளக்குறதைத் தமிழில் விளக்குங்க. முடியாதுன்னு சொல்ல முடியாது. அண்ணா பல்கலைக்கழகத்திலேயே 2010 முதல் சிவில், மெக்கானிக்கல் தமிழ்வழியில் சொல்லிக் கொடுத்திருக்காங்க. மக்களுக்கு நான் சொல்றது, அது வரிப் பணத்தில் நடக்கிற கல்லூரி. வாசலில் பெயர் எழுதச் சொன்னா எழுதிட்டு நேரா உள்ளே போங்க.

அரசுப் பள்ளி பசங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. நான் முதல்வன் திட்டத்தில் பிளஸ் டூ மாணவர்களைப் பக்கத்துக் கல்லூரிகளுக்குக் களப்பயணம் அழைச்சிட்டுப் போறாங்க. அதை ஒரு நாள் லீவு மாதிரி நினைக்காதீங்க. ஆய்வகத்தில் யாராவது விளக்கும்போது பின்னால நின்னு செல்ஃபி எடுக்கிறதை விட்டுட்டு, மூணு கேள்வியாவது கேளுங்க. இந்த எந்திரத்தை நீங்க முதல் வருஷத்திலேயே தொடுவீங்களா, வாரத்தில் எத்தனை மணி நேரம் ஆய்வகம், உங்க சீனியர்கள் இப்போ என்ன வேலை பார்க்கிறாங்க? பதிலைவிட, எந்திரம் மேல தூசி இருக்கான்னு பாருங்க. தனியார் கல்லூரி பார்க்கப் போறப்போவும் இதே மூணு கேள்விதான். முகப்புக் கட்டடத்தின் கண்ணாடியைப் பார்த்து மயங்கினா, கட்டணம் கட்டின பிறகு வருத்தப்படணும். போட்டோ எடுக்கிறதுக்கு முன்னாடி கேட்டுக்குங்க, சில ஆய்வகங்களில் அனுமதி இல்லை. லேசர், ரசாயனம் உள்ள இடத்தில் சின்னப் பிள்ளைங்க கையை விடாதீங்க. செருப்பு வேண்டாம், ஷூ போட்டுட்டுப் போங்க.

பார்த்து, பிடிச்சு, சேரணும்னு முடிவு பண்ணின பிறகு பணம்தான் அடுத்த பயம். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில் படிச்சவங்களுக்குப் பொறியியல் இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு. அதில் இடம் கிடைச்சா கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசு ஏத்துக்குது. உயர்கல்விக்குப் போற அரசுப் பள்ளி மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாசம் 1000 ரூபாய். வீட்டில் யாருமே பட்டதாரி இல்லைன்னா முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்குங்க, கட்டணச் சலுகை கிடைக்கும். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே அந்தச் சலுகையில் படிச்சிருந்தா தம்பிக்குக் கிடைக்காது, அதையும் இப்பவே தெரிஞ்சுக்குங்க. அந்தச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாத்துக்கும் இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ரிசல்ட் வந்த பிறகு போனா கூட்டம் அள்ளும், வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பம் மலையா குவியும். பரீட்சைக்கு நடுவில் ஒரு லீவு நாள் இருக்கும் இல்ல, அன்னிக்கு அப்பா, அம்மா யாராவது போய் விண்ணப்பிச்சிடுங்க. பெயரில் இனிஷியல் எல்லாச் சான்றிதழிலும் ஒரே மாதிரி இருக்கான்னு ஒரு தடவை சரிபாருங்க. கையில் வந்ததும் போனில் ஒரு பிரதி வெச்சுக்கோங்க.

என் பேச்சு அவ்வளவுதான், இனி உங்க கேள்விகள். பின் வரிசையில் ரொம்ப நேரமா கை தூக்கிட்டு இருக்கிற அம்மா, நீங்க முதல்ல கேளுங்க. மைக்கை அங்கே கொஞ்சம் கொடுங்க தம்பி.